தேயிலை மூட்டைக்கு கிரேடு உண்டு, மருத்துவ ஆலோசனைக்கு?

சோலூரில் ஒருவரை நாய் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (சோலூர்மட்டம் இல்லை, அது கோத்தகிரிப் பக்கம். இது ஊட்டிக்கு அந்தப் பக்கம், கேரட்டும் தேயிலையும் விளைகிற சோலூர்.) தேயிலை பறிக்கப் போன ஒரு அம்மா. கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் ஆலோசனைகள் வரிசையாக வந்துவிடும்.

கூடப் பறிக்கிறவர், "மொளகாத்தூள வச்சு அமுக்குக்கா, விஷம் ஏறாது" என்பார். மேஸ்திரி, "மொதல்ல சோப்பு போட்டுக் கழுவும்மா, கால் மணி நேரம் குழாயடியில காட்டு" என்பார். மருந்துக் கடையில், "ஒரு டி.டி. போட்டுக்கிட்டா போதும்" என்பார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா, "அது போதாதும்மா, நாய்க்கடி ஊசி நாலு தவணை இருக்கு, ஒண்ணுகூட விடக் கூடாது" என்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார், "மூணு மாசத்துக்குக் கறி, மீனு, கத்திரிக்கா எதையும் தொடாதே" என்பார்.

எல்லாம் அக்கறையில் சொன்னதுதான். சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாம் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வருகின்றன பாருங்கள், அங்கேதான் வில்லங்கம். இதில் கழுவுவதும் தடுப்பூசியும் உயிரைக் காப்பவை. மிளகாய்த்தூள் புண்ணைக் கிளறி எரிச்சலைக் கூட்டும். அதைவிட மோசம், கழுவ வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். டி.டி. தேவைதான், ஆனால் அது டெட்டனஸுக்கு. வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பத்தியத்தால் பலன் என்று யாரும் காட்டியதில்லை, வாய் ருசி போனதுதான் மிச்சம். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைத்தவர்களை உலகம் முழுக்கச் சேர்த்தாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு பெரிய விஷயத்தில், எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க அந்த அம்மாவிடம் ஒரு அடையாளமும் இல்லை.

இத்தனைக்கும் அடையாளம் போடுவது நீலகிரிக்குப் புதுசா என்ன? அதே அம்மா பறித்த பச்சை இலை ஃபேக்டரிக்குப் போய்த் தூளாகி வெளியே வரும்போது, ஒவ்வொரு மூட்டை மேலும் கிரேடு இருக்கும். பிஓபிஎஃப், பிடி, டஸ்ட் என்று ஏதோ ஒன்று. கிரேடு எழுதாத மூட்டையை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் அங்கேயும் ரகம் பிரித்துத்தான் விலை. கம்பெனியில் டெபாசிட் போடப் போனாலும் அப்படித்தான். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குகிற நிதி நிறுவனம் குறைந்தபட்ச ரேட்டிங்காவது வாங்கியிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே வைத்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் ஒருத்தர் எச்சரிக்கை வாசிக்கிறாரே, அதுகூட ஒரு லேபிள்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு இத்தனை கட்டு. உடம்புக்குள் போகிற மாத்திரைக்கு, "சாப்பிடுங்க, சரியாயிடும்" என்ற ஒரே வரி!

மருத்துவ உலகம் இதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். 1979-லேயே கனடாவில் ஒரு குழு, இந்த ஆலோசனைக்கு ஆதாரம் எவ்வளவு என்று வகை பிரித்து எழுதியது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு முறை. ஒருவருடைய 'ஏ' இன்னொருவருக்கு '1', மூன்றாமவருக்கு 'லெவல் டூ'. இந்தக் கூத்தைச் சரிசெய்ய 2000-ல் ஒரு சர்வதேசக் குழு கூடி ஒரு பொது முறையை உருவாக்கியது. அதன் பெயரே கிரேடு. முழுப் பெயரைச் சுருக்கியபோது அப்படி அமைந்துவிட்டது (அமைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம் :-)). இன்று உலக சுகாதார நிறுவனம் உட்பட உலகம் முழுக்கப் பெரிய அமைப்புகள் வழிகாட்டிகளை இந்த முறையில்தான் எழுதுகின்றன.

முறை ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. இரண்டே கேள்வி. ஒன்று, இந்த மருந்தால் பலன் உண்டு என்கிறார்களே, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? இதற்கு நாலு படி: உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. இரண்டு, அப்படியானால் இதைச் செய்யச் சொல்லலாமா? இதற்கு இரண்டே பதில்: உறுதியாகச் சொல்லலாம், அல்லது ஆளையும் சூழ்நிலையையும் பார்த்துச் சொல்லலாம். இரண்டு கேள்வியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் முழு சூட்சுமம். தேயிலைக்காரர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. மூட்டை மேல் இருக்கும் கிரேடு தூளின் அளவைத்தான் சொல்லும். ஊற்றிக் குடித்துப் பார்த்து, இதற்கு இவ்வளவு விலை கொடுக்கலாம் என்று முடிவு செய்வது வேறு ஆள், வேறு வேலை. இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் ஏலம் ஒழுங்காக நடக்கும்.

ஆதாரத்தின் படியை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொன்றுக்கு இல்லை (அல்லது பழைய மருந்து) என்று ஒப்பிட்டிருந்தால் மேல்படியில் தொடங்கும். சும்மா கவனித்து எழுதியதென்றால் கீழ்ப்படியில் தொடங்கும். அங்கிருந்து ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. ஆய்வு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, ஒரு ஆய்வு ஒன்று சொல்ல இன்னொன்று வேறு சொல்கிறதா, ஆய்வில் இருந்தவர்களும் மருந்து சாப்பிடப் போகிறவர்களும் வேறு வேறு மாதிரி மனிதர்களா, எண்ணிக்கை போதாதா, தோற்ற ஆய்வுகளை அமுக்கிவிட்டு ஜெயித்ததை மட்டும் அச்சிட்டார்களா? இப்படி ஒவ்வொன்றுக்கும் படி இறங்கும். பலன் மலையளவு இருந்தால் படி ஏறும்.

இந்த 'ஏறும்' என்பதைத்தான் அரைகுறைகள் மறந்துவிடுகிறார்கள். எதற்கெடுத்தாலும் "குலுக்கல் ஆய்வு இருக்கா? இல்லையா? அப்ப டுபாக்கூர்" என்று தீர்ப்பு எழுதுகிற ஒரு கூட்டம் உண்டு. விஞ்ஞானத்துக்கு வக்கீல் வேலை பார்ப்பதாக அவர்களுக்கு நினைப்பு. அவர்களைச் சோலூரிலிருந்து ஊட்டி வழியாகக் குன்னூருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும். அங்கே சிம்ஸ் பூங்கா பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. அமெரிக்கப் பணக்காரர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையில் 1907-ல் திறந்தது. தென்னிந்தியாவில் நாய்க்கடிக்கு மருந்து என்றால் பல காலம் இந்த இடம்தான். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று தாத்தா பாட்டிகள் பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பூசி. வலி ஒருபுறம், போட்டவர்களில் சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டு முடக்கம் வருகிற ஆபத்து இன்னொரு புறம். இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004 கடைசியோடு நிறுத்தப்பட்டது. இப்போது செல் வளர்ப்பில் செய்கிற ஊசி, கையில் போடுவது.

சரி, நாய்க்கடி ஊசிக்குக் குலுக்கல் ஆய்வு இருக்கிறதா? வெறிநாய் கடித்த நூறு பேரைப் பிடித்து ஐம்பது பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரைப் போட்டுப் பார்த்த ஆய்வு உலகத்தில் எங்கும் கிடையாது. இருக்கவும் கூடாது, அதற்குப் பெயர் ஆய்வு இல்லை, கொலை. அப்படியானால் ஆதாரம்? 1954-ல் ஈரானில் ஒரே ஓநாய் ஒரு கிராமத்தில் 29 பேரைக் கடித்துக் குதறியது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் போட்டவர்கள் 5 பேர், அதில் 3 பேர் செத்தார்கள். தடுப்பூசியோடு எதிர்ப்பு சீரமும் போட்டவர்கள் 13 பேர், அதில் 1 சாவு. இன்றைக்கும் ஆழமான கடிக்கு ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடச் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1976-ல் அதே ஈரானிலிருந்து இன்னொரு அறிக்கை: வெறிபிடித்த நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்குப் புதிய செல் வளர்ப்புத் தடுப்பூசி போட்டார்கள், 45 பேரும் பிழைத்தார்கள். வந்தால் சாவு நிச்சயம் என்ற நோயில் இப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால், குலுக்கல் நடக்கவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க முடியாது. கவனித்து எழுதிய ஆதாரம்தான், ஆனால் பலன் மலையளவு. பரிந்துரை உறுதியிலும் உறுதி. நர்ஸம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் ஏன் சரி என்று சொல்ல அவருக்கு யாரும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. காசநோய்க்கு என்ன வைத்தியம் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பெரிய டாக்டரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சானடோரியம், நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி. வெள்ளைக்காரர்கள் ஊட்டியைத் தேடி மலையேறியதிலேயே 'உடம்பு தேறும் இடம்' என்ற இந்த நம்பிக்கைக்குப் பங்கு உண்டு. ஐரோப்பா முழுக்க மலை மேல் சானடோரியங்கள். சொன்னவர்கள் சாதாரண ஆட்களா? பேராசிரியர்கள், பட்டம் பெற்ற மேதைகள். குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை. ஆதாரம்? "எங்கள் அனுபவம்."

1956-ல் மதராஸில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நான்கும் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமை. (சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்.) நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு. மீதிப் பேர் நெரிசலான அவரவர் வீட்டில், அவரவர் கஞ்சியோடு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. வீட்டுப் பிரிவில் தொடக்கத்திலேயே நோய் முற்றியவர்கள் கொஞ்சம் கூடுதல், அதையும் கணக்கில் சேர்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தும் அதே கதைதான். மலைக் காற்றும் முட்டையும் செய்த வேலை என்று நினைத்ததை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் குடிசையிலும் செய்யலாம் என்று தெரிந்துபோயிற்று. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வும் ஒரு பெரிய காரணம்.

பழைய காலம், அவர்களுக்குத் தெரியாது, பாவம், என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் "சானடோரியம் நல்லதென்று நினைக்கிறோம், ஆனால் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் யோசனை பத்து வருஷம் முன்னாலேயே யாருக்காவது வந்திருக்காதா? படுக்கை கிடைக்கவில்லையே என்று ஏங்கிச் செத்தவர்கள், நிலத்தை விற்றுப் பிள்ளையை மலைக்கு அனுப்பியவர்கள், இவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் மறைத்தது யார்? வேண்டுமென்றே மறைக்கவில்லை என்பது உண்மை. குரலின் உறுதி மறைத்துவிட்டது.

பி.சி.ஜி. கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். காசநோய்த் தடுப்பூசி. 1950-களில் நாடு முழுக்கப் போட ஆரம்பித்தபோது ராஜாஜி கடுமையாக எதிர்த்தார், 1955-ல் சிறு புத்தகமே எழுதினார். ஒரு பக்கம் அரசு "போட்டே ஆக வேண்டும்" என்றது, இன்னொரு பக்கம் அவர் "போடவே கூடாது" என்றார். இரண்டு பேர் குரலும் உச்சத்தில். ஆதாரம் எந்தப் படியில் இருக்கிறது என்று சொன்னவர் யாரும் இல்லை. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, உலகத்திலேயே மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்றைத் தொடங்கினார்கள். 1979-ல் வந்த முதல் முடிவு எல்லோர் முகத்திலும் அடித்த மாதிரி இருந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 15 வருஷம் தொடர்ந்து பார்த்து 1999-ல் வெளியிட்டதிலும் அதேதான்.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் போடுகிறார்கள்? ஏனென்றால் கேள்வி வேறு. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயையும், உடம்பெல்லாம் பரவும் காசநோயையும் அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. ஒரே ஊசி. ஒரு கேள்விக்கு நல்ல கிரேடு, இன்னொரு கேள்விக்கு மோசமான கிரேடு. "பி.சி.ஜி. நல்லதா கெட்டதா" என்று கேட்பதே தப்பு. யாருக்கு, எதற்கு என்று கேட்க வேண்டும். ராஜாஜிக்கும் அரசுக்கும் நடந்த சண்டையில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் பாதிச் சூடு தணிந்திருக்கும்.

'யாருக்கு' என்ற கேள்விக்கு நீலகிரியிலேயே ஒரு உதாரணம். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் எலிகளை வளர்த்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்கு மதராஸ்காரர் சாப்பாடு என்று பிரித்துப் போட்டுப் பார்த்தார். சப்பாத்தியும் பாலும் தின்ற எலி கொழுகொழு, அரிசிச் சோறு தின்ற எலி நோஞ்சான். சத்துணவு ஆராய்ச்சிக்கு அது பெரிய தொடக்கம், மறுக்க முடியாது. (ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் குன்னூரில் பிறந்ததுதான்.) ஆனால் அதைக் காட்டி "அரிசி தின்பதால்தான் தமிழன் இளைத்தான்" என்று முடிவு கட்டினால், நோயாளிக்கும் எலிக்கும் நடுவே உள்ள தூரத்துக்குப் படி இறக்க வேண்டாமா? மனிதருக்கு மனிதரே தூரம். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு ரத்தசோகை இருப்பதை 1952-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தியாவில் இந்த நோய் பற்றி வந்த முதல் தகவல்களில் அது ஒன்று. அந்த நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா உதவும் என்று நிரூபித்த பெரிய குலுக்கல் ஆய்வு 1995-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 பெரியவர்களிடம் நடந்தது. அவர்களுடைய மரபணு வகை ஆப்பிரிக்க வழி. கூடலூர், மசினகுடிப் பக்கத்துப் பழங்குடியினருடையது பெரும்பாலும் அரபு-இந்திய வகை, நோயின் போக்கே கொஞ்சம் வேறு. மருந்து இவர்களுக்கும் உதவும். இந்தியாவில் கவனித்து எழுதியவை அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்த ஊர் ஆய்வின் கிரேடை அப்படியே பெயர்த்து இந்த ஊர்ச் சீட்டில் ஒட்டக் கூடாது. எவ்வளவு டோஸ், யாருக்கு, எந்த வயதில் என்பதையெல்லாம் இங்கேயும் பார்த்தாக வேண்டும். 'ஒரு படி இறக்கம்' என்று எழுதி வைத்தால்தான் யாராவது உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

"படிக்காத ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது." இதைச் சொல்கிறவர்கள் சோலூர் விவசாயியோடு ஒரு காலை நேரம் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பச்சை இலைக்கு இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை, முற்றிய இலை கலந்தால் எவ்வளவு கழிப்பார்கள், கழுவிய கேரட்டுக்கும் கழுவாத கேரட்டுக்கும் எத்தனை ரூபாய் வித்தியாசம், எந்த மண்டியில் கமிஷன் எவ்வளவு என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவருக்கு நாலு படி புரியாதாம்! புரியாது என்று சொல்வது பல நேரம் சொல்ல விருப்பமில்லை என்பதன் மரியாதையான வடிவம்.

"ஆதாரம் குறைவு என்று சொன்னால் மக்கள் தயங்குவார்கள், போட வேண்டிய ஊசியையும் போடாமல் விட்டுவிடுவார்கள்." இது கொஞ்சம் கனமான வாதம், அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் இதற்கான பதில் அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ஆதாரத்தின் படி வேறு, பரிந்துரையின் உறுதி வேறு. நாய்க்கடி அம்மாவிடம், "குலுக்கல் ஆய்வு இதுக்கு செய்யவே முடியாதும்மா. ஆனா போட்டவங்க பொழைக்கிறதையும் போடாதவங்க சாகறதையும் உலகமே பாத்திருக்கு. கட்டாயம் போடணும்" என்று சொன்னால் எந்த அம்மா தயங்குவார்? தயக்கம் வருவது வேறு இடத்தில். போன வருஷம் "கண்டிப்பாகச் சாப்பிடு" என்றவர்கள் இந்த வருஷம் "சாப்பிடாதே" என்றால் வரும். ஏன் மாற்றினார்கள் என்று சொல்லாவிட்டால் இரட்டிப்பாக வரும்.

"பாட்டி வைத்தியத்தை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு." அதுவும் இல்லை. 'மிகக் குறைவு' என்றால் பொய் என்று அர்த்தம் கிடையாது, இன்னும் சரியாகத் தெரியாது என்று அர்த்தம். ஆங்கில மருத்துவத்தின் வழிகாட்டிகளிலேயே அந்தப் படியில் உட்கார்ந்திருப்பவை ஏராளம். கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் ஒரே தராசு. தராசைப் பார்த்துப் பயப்படுகிறவர் எந்தப் பக்கத்து வியாபாரியாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியவர்தான்.

"ரேட்டிங் போடுகிறவர்களே தப்புப் பண்ணினால்?" பண்ணுவார்கள். ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனத்துக்கு 2018 ஆகஸ்ட் வரைக்கும் டிரிபிள் ஏ. அடுத்த மாதமே கடைசிப் படியான 'டி'. பணம் போட்டவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். மருத்துவத்திலும் இது நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆதாரத்தை ஒழுங்காகப் பார்க்காமல் நிபுணர் வாய்மொழியை நம்பிப் பரிந்துரை எழுதுகிறது என்று 2007-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு போட்டு உடைத்தது. அதற்கப்புறம் கிரேடு முறையைக் கறாராக்கினார்கள். 2007 முதல் 2012 வரை அந்த முறையில் வந்த வழிகாட்டிகளை எடுத்து எண்ணியவர்கள் 2014-ல் சொன்னது: உறுதியான பரிந்துரைகளில் பாதிக்கு மேல், ஆதாரம் குறைவு அல்லது மிகக் குறைவு. கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எப்படி எண்ண முடிந்தது? ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கிரேடை எழுதி வைத்திருந்ததால். எழுதாமலே விட்டிருந்தால் எண்ணவும் முடியாது, கேட்கவும் முடியாது. தப்பான தணிக்கை அறிக்கையைப் பிடித்துவிடலாம், அறிக்கையே இல்லாத கம்பெனியை என்ன செய்வது?

ஆக, முறை இருக்கிறது, எழுதவும் எழுதுகிறார்கள். பின்னே என்ன குறை? எழுதியது சோலூர் வந்து சேர்வதில்லை. இதுதான் குற்றச்சாட்டு. ஜெனிவாவிலும் டில்லியிலும் கிளம்பும்போது பரிந்துரையும் கிரேடும் சேர்ந்தேதான் கிளம்புகின்றன. சென்னை, ஊட்டி தாண்டி வரும் வழியில் எங்கேயோ கிரேடு கழன்று விழுந்துவிடுகிறது. மலையேறி வருவது பரிந்துரை மட்டும்தான்.

கொரோனா காலத்தில் இது அப்பட்டமாக நடந்தது. 2020 மார்ச் 22-ல் ஐசிஎம்ஆர் பணிக்குழு ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைத் தடுப்பு மருந்தாகச் சொன்னது, சுகாதாரப் பணியாளர்களுக்கும் நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கும். கையில் இருந்த ஆதாரம் பெரும்பாலும் பரிசோதனைக் குழாய் அளவில். அறிவிப்பு வந்ததும் ஜனங்கள் வாங்கிக் குவிக்க, அந்த மாத்திரையை நம்பி வாழும் முடக்குவாத நோயாளிகளும் லூபஸ் நோயாளிகளும் கடை கடையாக அலைந்தார்கள். ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று காட்டிவிட்டது. அதே ரெகவரி, அதே மாதம், டெக்ஸாமெதசோன் என்ற மலிவு ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்றும் காட்டியது. கூடவே ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை தெரியவில்லை என்றும் சொன்னது. அந்தப் பின்பாதி வழியிலேயே தொலைந்துபோனது. லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கினார்கள். 2021-ல் கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணை எடுத்தபோது, சர்க்கரை நோயோடு சேர்த்து டாக்டர்கள் விரல் நீட்டியது இந்தக் கண்மண் தெரியாத ஸ்டீராய்டைத்தான்.

பிளாஸ்மா கதை தெரியும். ரத்தம் கொடுக்க ஆள் தேடி ராத்திரி முழுக்க போன் அடித்தார்கள், கைமாற்றுக் கடன் வாங்கினார்கள். ஐசிஎம்ஆரே 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய பிளாசிட் ஆய்வு, பலன் இல்லை என்று 2020 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்தது 2021 மே மாதம். நடுவில் ஏழு மாதம், அதிலும் ஏப்ரல், மே! அந்த ராத்திரிகளில் போன் அடித்த பிள்ளைகளுக்கு "இதற்கு ஆதாரம் எதிராக இருக்கிறது" என்று யார் சொன்னார்கள்?

கடைசியாக ஐவர்மெக்டின். 2021 மே மாதத்து ஐசிஎம்ஆர், எய்ம்ஸ் வழிகாட்டியை எடுத்துப் பாருங்கள், ஒரே ஒரு பக்கம். லேசான நோய்க்கான பகுதியில் ஐவர்மெக்டினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் இருக்கும். அவற்றின் தலைப்பிலேயே 'ஆதாரத்தின் உறுதி குறைவு' என்று தெளிவாகப் போட்டிருக்கும். எழுதியவர்களைக் குறை சொல்லவே முடியாது, நேர்மையாக லேபிள் ஒட்டித்தான் அனுப்பினார்கள். அதே மாதம் கோவா அரசு, நோய் இருக்கிறதோ இல்லையோ 18 வயது தாண்டிய எல்லோருக்கும் ஐவர்மெக்டின் என்று அறிவித்தது. மாதக் கடைசியில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் தன் வழிகாட்டியிலிருந்து இரண்டு மருந்தையும் எடுத்துவிட்டது. ஐசிஎம்ஆர், எய்ம்ஸ் தாளில் அவை செப்டம்பர் வரைக்கும் இருந்தன. ஒரே டில்லி, இரண்டு தாள், நாலு மாத இடைவெளி. மருந்துக் கடையில் பட்டையைக் கிழித்துக் கொடுத்தவர், "இது குறைந்த ஆதாரம்தாங்க, யோசிச்சுச் சாப்பிடுங்க" என்று சொல்லிக் கொடுத்தாரா? செப்டம்பரில் எடுத்த பிறகாவது, வாங்கிப் போனவர்களைக் கூப்பிட்டு யாராவது சொன்னார்களா?

கேட்பது பெரிய காரியம் இல்லை. சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதுகிற ஒவ்வொரு ஆலோசனைக்கும் பக்கத்தில், துண்டுச் சீட்டில் அச்சடிக்கிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், தமிழில் இரண்டு வார்த்தை. ஆதாரம்: உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு, இதில் ஒன்று. பரிந்துரை: கட்டாயம், அல்லது ஆளைப் பொறுத்து. மாற்றினால் என்றைக்கு, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி. பெயின்ட் செலவு ஐநூறு ரூபாய் ஆகுமா? நர்ஸம்மாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம். 'நாய் கடித்தால்: உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவும், ஊசி போடவும், கட்டாயம்' என்று ஒரு வரி. அதற்கு அடியிலேயே, 'மிளகாய்த்தூள், பத்தியம்: பலன் என்று யாரும் காட்டியதில்லை' என்று இன்னொரு வரி. அடுத்த முறை குழாயடியில் உட்கார்ந்து காலைக் கழுவுகிற அம்மாவுக்கு மாமியாரிடம் திருப்பிச் சொல்லவாவது ஒன்று இருக்கும்.